ஜெட்டின் அளவுச் சட்டை

கல்முனைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அச்சிமுகம்மதை ஊர் ஒருநாளும் வெறும் தையல்காரராக எண்ணியதில்லை. அவர் விமானப்படை முகாமில் இருந்து வந்தவர். எழுபத்திரண்டில் கட்டுநாயக்காவுக்குப் போய், மூன்று வருஷம் இருந்து, எழுபத்தைந்தில் திரும்பியவர். லீவில் வரும்போதெல்லாம் அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஜெட்டுல வேல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. ஒரு கிழமைக்குள் அவர் ஜெட்டின் இஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவர் ஆனார். ஒரு மாதத்துக்குள் அதை ஒருமுறை ஓட்டியும் பார்த்தவர் ஆனார். வாப்பா நோயில் விழுந்தபடியால் கடையைப் பொறுப்பெடுக்க வந்துவிட்டாராம், இல்லாவிட்டால் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பாராம். இதற்கு ஒரு பெருமூச்சு வேறு.

அவர் செய்த பிழை ஒன்றுதான். இல்லை என்று சொல்லவில்லை.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் நின்றுபோனால் அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் அதைச் சுற்றி நடப்பார், குனிந்து பார்ப்பார், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைத் தடவிக்கொண்டு, "இது வேற சாதி இஞ்சின்" என்று அனுப்பிவிடுவார். வந்தவர்கள் ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பதில்லை. ஜெட்டைப் பார்த்த கண்ணுக்கு இந்தச் சின்னச் சாமான்கள் எங்கே பிடிக்கும் என்று தலையாட்டிக்கொண்டு போவார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் உண்மை சொல்லித் தப்புவது லேசான காரியமா?

உண்மை இதுதான். அச்சிமுகம்மது முகாமிலும் தையல்காரர்தான். ரஷ்யாவில் இருந்து வந்திறங்கிய மிக் என்ற சண்டை ஜெட்டுகளை மழைக்கும் உப்புக் காற்றுக்கும் மூடி வைக்கப் படங்குத் துணியில் பெரிய உறை தைக்க வேண்டியிருந்தது. அதைத் தைத்தவர்களில் அவர் ஒருவர். வெளியாள் என்றபடியால், அளவெடுக்கப் போன நாளில் ஜெட்டை உருவம் தெரியாதபடி தொளதொளத்த பழைய உறையால் நன்றாக மூடிக் கட்டிவிட்டுத்தான் அவரைக் கிட்ட விட்டார்கள். அதன் மேலாகவே கயிறு பிடித்து அளந்தார். காவலுக்கு நின்றவன் உறையைக் கட்டிய நாடாவைக்கூட அவிழ்க்க விடவில்லை. மூன்று வருஷத்தில் அச்சிமுகம்மது ஒரு ஜெட்டை உடுப்பில்லாமல் கிட்ட நின்று பார்த்ததே கிடையாது. ஆகாயத்தில் பார்த்தார், எல்லாரையும் போல. அது சத்தம் வந்து சேர்வதற்குள் போய்விடும்.

இதை ஊரில் சொல்லியிருக்கலாம். வந்த நேரம் அப்படி. வந்து இறங்கியதும் கல்யாணம். மாமனார், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஜெட் மாப்பிள்ளைக்குத்தான் மகளைக் கொடுத்தார். அந்த மகள் நஸீறா, வேலியடியில் அடுத்த வீட்டு றாஹிலாவுடன் கதைக்கும்போதெல்லாம் இடையில் ஒரு சொல் செருகுவாள். "இவர் சும்மா தையல்காரர் இல்ல காண்." அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அச்சிமுகம்மதுவுக்கு ஊசி விரலில் ஏறும். மாமனார் மௌத்தாகிவிட்டார். அவரிடம் இனிச் சொல்ல முடியாது. நஸீறாவிடம் சொல்லலாம். சொன்னால், ஐந்து வருஷமாக அவள் சொல்லி வந்த அந்தச் சொல்லை எங்கே கொண்டு போய் வைப்பாள்?

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து இரண்டாம் வருஷம், ஞானரட்ணம் மாஸ்டர் கடைக்கு வந்தார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மெதடிஸ்தக் குடும்பம். எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. அச்சிமுகம்மதை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, பள்ளிக்கூடத்துல கண்காட்சி. எல்லாரும் எரிமலைதான் செய்யிறாங்க. இதுவரைக்கும் ஆறு எரிமலை வந்திட்டு. ஏழாவதும் வரப்போகுதெண்டு கேள்வி. எனக்கு ஒரு ஜெட் வேணும். சண்டை ஜெட். மரத்துல, அளவு பிசகாம, சின்னதாக்கின மாதிரி ஒண்டு. நீங்க கையால தொட்ட சாமான் அது. உங்கள விட்டா இந்தக் கரையில ஆர் இருக்கிறாங்க?"

"தொட்டதுதான்" என்றார் அச்சிமுகம்மது. பொய்யில்லையே.

"அளவெல்லாம் ஞாபகம் இருக்குமோ?"

"அளவு கொப்பியில இரிக்கி, மாஸ்டர்."

வாய் தவறி வந்துவிட்டது. அளவு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத தொழில் அது. மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று சின்னதாக்க வேண்டும், அதற்கு விகிதம் என்று பெயர் என்று அரை மணித்தியாலம் விளக்கிவிட்டுப் போனார்.

அச்சிமுகம்மது குழம்பினார். சின்னதாக்குவது என்றால் என்ன? பெரியாளின் சட்டையைச் சுருக்கினால் பிள்ளையின் சட்டை வராது. பிள்ளைக்குத் தலை பெரிது, வயிறு முன்னுக்கு நிற்கும், கை கட்டை. அப்படியென்றால் சின்ன ஜெட்டுக்கும் வயிறு கொஞ்சம் கூட விட வேண்டுமா? மறுநாள் மாஸ்டரிடம் போய்க் கேட்டார். மாஸ்டர் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டார். காக்கா பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டார். பகிடி இல்லை என்று சொல்ல அச்சிமுகம்மதுவுக்கு வெட்கமாக இருந்தது.

கொப்பி பெட்டிக்குள் இருந்தது. சூறாவளியில் கூரை போன வீட்டில் மூன்று நாள் நனைந்து, பிறகு வெயிலில் காய்ந்து, பப்படம் மாதிரிப் பொருமிக் கிடந்தது. நடுவில் இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. மற்றவை வாசிக்கலாம். சட்டைக்கு எழுதுகிற ஒழுங்கிலேயே ஜெட்டுக்கும் எழுதியிருந்தார். நீளம், கழுத்து, நெஞ்சு, இடுப்பு, இறக்கைக்குக் கை. கடைசித் தாளில் நாடா. எதைத் தைத்தாலும் முடிவில் உள்ளதை உள்ளபடி எழுதி வைப்பது வாப்பா பழக்கின பழக்கம். வயிற்றுக்குக் கீழே கட்டுகிற நாடா பதினாலு, ஒவ்வொன்றும் இருபத்துநாலு அங்குலம். ஏழாவது மட்டும் பன்னிரண்டு.

எல்லாவற்றையும் பன்னிரண்டால் பிரித்து ஒரு துண்டில் எழுதினார். நீளம் 37. கழுத்து 9. நெஞ்சு 15. இடுப்பு 10. கை 19. அதைக் கொண்டுபோய்ப் பெனடிக் ஓடாவியிடம் கொடுத்தார். பெனடிக் கோயிலடியில் மரவேலைப் பட்டடை வைத்திருந்தான். கதவு, ஜன்னல், கட்டில், யாராவது செத்தால் சவப்பெட்டி. ஜெட் இதுவரை யாரும் கேட்டதில்லை. துண்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முருக்க மரம் லேசாக இருக்கும், அதில் செய்வோம் என்றான்.

பத்தாம் நாள் ஆள் அனுப்பினான். அச்சிமுகம்மது போய்ப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். பட்டடை நடுவில் முட்டை வைத்த சுறா மாதிரி ஒன்று கிடந்தது. பதினைந்து அங்குலத் தடிப்பு. இரண்டு பக்கமும் கை நேரே நீண்டு, அந்தச் சாமானின் நீளத்தைவிட அகலம் கூட.

"பெனடிக், இது என்ன?"

"நீங்க எழுதினதுதான் காக்கா. நெஞ்சு பதினைஞ்சு."

"சுத்திப் பதினைஞ்சு! நெஞ்செண்டா சுத்தித்தானே அளக்கிற!"

"நான் கதவுக்குச் சுத்தி அளக்கிறதில்லையே காக்கா."

அச்சிமுகம்மது ஒரு பலகையில் இருந்தார்.

"சரி, நெஞ்சச் செதுக்கிக் குறைப்பம்" என்றான் பெனடிக். "கை என்ன மாதிரி? நேரே வைச்சன். சரியோ? நேராவா வாறது, பின்னுக்குச் சரிஞ்சோ, முன்னுக்கோ?"

அச்சிமுகம்மது எழுந்து நின்று இரண்டு கையையும் நேரே நீட்டிப் பார்த்தார். பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். முன்னுக்குக் கொண்டு வந்தார். தொழுகைக்கு நிற்கிறவரா, பறக்க வெளிக்கிட்டவரா என்று பெனடிக்குக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. கையைத் தனியாக மேசையில் விரித்துத்தான் தைத்தார். அதற்கு அளவெடுத்தவரும் உடம்போடு சேர்த்துத் தைத்தவரும் மற்றத் தையல்காரர், குருணாகல் ஆள். சேர்ந்த பிறகு அது எந்தப் பக்கம் சரிந்தது? ஆகாயத்தில் பார்த்ததை நினைத்துப் பார்த்தால் சத்தம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

"நான் யோசிச்சிச் சொல்றன்" என்று வெளிக்கிட்டார். ஜெட்டில் வேலை செய்தவருக்கு ஜெட்டின் கை மறந்துபோகுமா என்று பெனடிக் கேட்கவில்லை. ஆனால் பார்த்த பார்வையில் அது இருந்தது.

கடைக்கு வந்தால் அங்கே ஞானரட்ணம் மாஸ்டர் பல் முப்பத்திரண்டும் தெரிய நிற்கிறார்.

"காக்கா, நல்ல செய்தி. நடுவரா ஆர் வாறார் எண்டு சொல்லுங்க பாப்பம். அக்கரைப்பற்று ஸைனுலாப்தீன் சார்ஜன்ட்! விமானப்படையில இருந்து பென்சன் எடுத்து வந்திருக்கிறார். அந்த மிக் இஞ்சின்லதான் எட்டு வருஷம் வேலையாம். உங்கட கூட்டாளியாத்தான் இருக்கும். உங்களப் பத்திச் சொன்னன். கட்டாயம் பாக்கணும் எண்டார்."

மாஸ்டர் போன பிறகு அச்சிமுகம்மது உடுக்கிற சாரம் ஒன்றைத் தைக்க இருந்து, இரண்டு முறை தலைகீழாகத் தைத்தார். பயந்தது ஊருக்கு இல்லை. ஊர் இரண்டு நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். கண்காட்சிக்குப் பின்னேரம் பெண்களும் வருவார்கள். நஸீறா, றாஹிலாவையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாய் வருவேன் என்று போன கிழமையே சொல்லிவிட்டாள். அவள் கண்ணுக்கு முன்னால், அவள் சொல்லி வந்த அந்தச் சொல் உடையப்போகிறது. அதுதான் அவரைத் தின்றது.

அடுத்த நாள் பகல் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கொப்பி பக்கத்தில் கிடந்தது. நஸீறா அதை எடுத்துப் பார்த்தாள்.

"இந்தத் தாள் ஒட்டிக் கெடக்கே. இதையா ரெண்டு நாளா முறைச்சிப் பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க?"

"பிச்சா கிழிஞ்சிரும்."

"ஆர் பிய்க்கச் சொன்ன?" அவள் தேத்தண்ணிக்குக் கொதித்த கேத்தலின் மூக்கில் கொப்பியைப் பிடித்தாள். ஆவி பட்டதும் தாள் மெதுவாகப் பிரிந்தது. மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் வாசிக்கலாம். கை முன்னோரம், கை பின்னோரம், கைக்குழி, கை நுனி, எல்லாம் இருந்தது. இருந்தும் அதைப் பெனடிக்கிடம் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? கதவுக்குக் கைக்குழி இல்லையே என்பான்.

"இத அவனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துற எண்டு எனக்கு விளங்கல்ல" என்றார். சொன்ன பிறகுதான், இவ்வளவு பேசியிருக்கக் கூடாது என்று பட்டது.

நஸீறா திண்ணமாகச் சொன்னாள். "பொம்புளையளுக்குத் தைக்கிறீங்களே, ஆளப் பாத்தா தைக்கிறீங்க? அளவுச் சட்டதானே வருது? இதுக்கும் ஒரு அளவுச் சட்டயத் தைச்சிப் பெனடிக்குக்கிட்டக் குடுங்க. அதுக்குள்ள அடங்கிற மாதிரி அவர் செதுக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் தையல்காரரிடம் அளவு கொடுக்க வருவதில்லை. பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைப் பையில் சுற்றிக் கடைக்கு அனுப்புவார்கள். அதுதான் அளவுச் சட்டை. அச்சிமுகம்மது ஊரில் பாதிப் பெண்களுக்குத் தைத்திருக்கிறார். ஒருத்தியின் முகமும் தெரியாது. இன்ன வீட்டு மருமகள் மெலிந்துவிட்டாள், இன்ன வீட்டு ராத்தாவுக்கு ஒரு தோள் இறக்கம் என்பதெல்லாம் துணியைத் தொட்டே தெரியும். அவருக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை?

பிறகுதான் பயம் வந்தது. "ஜெட்டுக்குச் சட்ட இரிக்கி எண்டு ஒனக்கு ஆர் சொன்ன?"

"நெஞ்சும் கையும் இரிக்கெண்டா சட்டயும் இரிக்கும்தானே" என்றாள், கோப்பையைக் கழுவிக்கொண்டே. எதைத் தெரிந்து சொன்னாள், எதைத் தெரியாமல் சொன்னாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாலு நாள் கடையில் வேறு வேலை எடுக்கவில்லை. பச்சைப் படங்கில் ஒரு துண்டு வாங்கி, கொப்பியில் உள்ளபடி வெட்டினார். கை இரண்டையும் கைக்குழியில் வைத்துத் தைத்தார். நாடா பதினாலும் வைத்தார். ஏழாவதுக்கு வந்ததும் கத்தரிக்கோல் கொஞ்சம் நின்றது. கொப்பியில் உள்ளது உள்ளபடி என்று, அதை மற்றதில் பாதியாகவே வெட்டினார். முடித்துவிட்டு உள்ளே இலவம்பஞ்சை அடைத்தார்.

பஞ்சு நிறைய நிறையக் கை இரண்டும் தாமாகவே பின்னுக்குச் சரிந்தன. யாரும் தொடவில்லை. முன்னோரம் நீளம், பின்னோரம் குறைவு. துணிக்கு வேறு வழி கிடையாது. வால் எழும்பி நின்றது. மேசையில் ஒரு ஜெட் இருந்தது. அச்சிமுகம்மது அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தும் காணாததை இன்றைக்குத்தான் கண்டார். கண் கலங்கிவிட்டது. கடையில் ஒருவரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பெனடிக்குக்கும் பார்த்தவுடன் விளங்கியது. "இதத் தந்திருந்தா முதல்லயே முடிச்சிருப்பனே காக்கா" என்றான். பழைய சுறாவைச் செதுக்கி நெஞ்சை ஒடுக்கினான். கையைக் கழற்றிச் சரித்துப் பூட்டினான். சட்டையைப் போட்டுப் போட்டுப் பார்த்து, இடிக்கிற இடமெல்லாம் சீவினான். கடைசியில் மூக்கைத் தொட்டுக் கேட்டான்.

"இது இப்பிடி மொட்டையாவோ இருக்கும்? தேங்கா அரைவாசியக் கவிட்ட மாதிரி?"

"அப்பிடித்தான்" என்றார் அச்சிமுகம்மது. மற்ற எல்லாவற்றிலும் குழம்பிய மனிதர் அந்த ஒன்றில் மட்டும் குழம்பவில்லை. முன் வட்டம் ஒன்று என்று கொப்பியில் தெளிவாக இருந்தது. அந்த வட்டத் துண்டைத் தன் கையால் தைத்தவர் அவர்.

கண்காட்சி நாள் வந்தது. வெள்ளி நிறம் பூசிய ஜெட், ஏழு எரிமலைகளுக்கு நடுவில், மண்டபத்தின் கண்ணான இடத்தில் இருந்தது. கழற்றிய சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அச்சிமுகம்மது நின்றார். காலையில் வந்த கூட்டம் வாயைப் பிளந்தது. "கையால செஞ்சதா? மெய்யாவா? பறக்குமா?" அவருக்குக் கொஞ்சம் துணிவுகூட வந்துவிட்டது. சார்ஜன்டுக்கு அக்கரைப்பற்றில் பஸ் கிடைக்காமல் போகட்டும் என்று கேட்ட துஆவும் பலித்துவிட்டது போலத்தான் இருந்தது.

பலிக்கவில்லை. சார்ஜன்ட் ஸைனுலாப்தீன் பின்னேரம் வந்தார், பெண்கள் வரத் தொடங்கின நேரம் பார்த்து. மண்டபத்தின் மறுபக்கத்தில் நஸீறாவும் றாஹிலாவும் நின்றார்கள். சார்ஜன்ட் எரிமலைகளை வேண்டாவெறுப்பாகப் பார்த்துவிட்டு நேரே ஜெட்டடிக்கு வந்தார். ஒரு சுற்று வந்தார். கையைத் தட்டிப் பார்த்தார். வாலைப் பார்த்தார். முன்னுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இத ஆர் செஞ்ச?"

"நம்மட அச்சிமுகம்மது காக்காதான்" என்றார் மாஸ்டர் பெருமையோடு. "உங்களோட கட்டுநாயக்காவுல ஜெட்டுல வேலை செய்தவர்."

சார்ஜன்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு வருஷம் நான் அதோட கெடந்தன். இவர நான் காணல்லயே. சரி, அது கெடக்கட்டும். இதுட வாய் எங்க?"

"வாயா?" என்றார் அச்சிமுகம்மது.

"ஓம், வாய். மிக்குக்கு முன்னால பெரிய ஓட்ட ஒண்டு இரிக்கி. அதாலதான் காத்து உள்ள போய் இஞ்சினுக்குச் சேரும். வாயில்லாம அது எப்பிடி மூச்செடுக்கிற? இஞ்சின்ல வேல செஞ்சவருக்கு இது தெரியாதா?"

முன் வட்டம் ஒன்று. அது வாயை மூடுகிற வட்டம். அச்சிமுகம்மதுவுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பயன்? யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் நாலுபேர். அவர் மறுபக்கம் பார்த்தார். நஸீறா முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். றாஹிலா அவளைப் பார்க்காத மாதிரி எரிமலையைப் பார்த்தாள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மடித்து வைத்த சட்டையை எடுத்து ஜெட்டின்மேல் போட்டார். நாடாக்களைக் கட்டத் தொடங்கினார். எதையாவது மூட வேண்டும் போல இருந்தது. ஆறு நாடா கட்டிவிட்டார். ஏழாவது எட்டவில்லை.

"நில்லுங்க" என்றார் சார்ஜன்ட்.

அவர் குனிந்தார். வயிற்றுக்குக் கீழே தடித்த விரலை விட்டு எண்ணினார். ஏழில் விரல் நின்றது. அந்தக் கட்டை நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அடேய், நீதானா அது?"

மாஸ்டர் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், ஒவ்வொரு பின்னேரமும் ஜெட்ட மூடிக் கட்டுற வேல எனக்கு. எல்லா நாடாவும் எட்டும். ஏழாவது எட்டாது. மழைக்குள்ள மல்லாக்கப் படுத்து, நகத்தால இழுத்துக் கட்டணும். நாலு வருஷம்! அதத் தைச்சவன ஏசாம ஒரு நாளும் நான் மஃரிபு தொழப் போனதில்ல." மூச்சு வாங்கினார். "ஆனா மெய்யயும் சொல்லணும். அடைமழையில மற்ற ஜெட்டுக்கெல்லாம் தண்ணி போச்சி. இந்த உறைக்குள்ள ஒரு சொட்டுப் போகல்ல. இந்தத் தையல் எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவன்."

எல்லாரும் அச்சிமுகம்மதையே பார்த்தார்கள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர் சார்ஜன்டுக்குச் சொல்லவில்லை, மாஸ்டருக்குச் சொல்லவில்லை, மறுபக்கத்து முக்காடு ஒன்றைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"நான் ஜெட்டுக்கு உறை தைச்ச ஆள். இஞ்சின நான் கண்டதில்ல. ஜெட்டக்கூட வெறும் மேலோட கண்டதில்ல. அதுக்கு வாய் இரிக்கி எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

சார்ஜன்ட் அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். அது அன்புக்கா, நாலு வருஷத்துக் கோபத்துக்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஜெட்டுக்குப் புள்ளி போட முடியாது, அது பிழை என்றார். சட்டைக்குப் போடலாம், ஆனால் தாளில் அதற்கு இடம் இல்லை. முதல் பரிசு ஓர் எரிமலைக்குப் போயிற்று. ஜெட் மூன்று நாளும் மூடியபடியே இருந்தது. வந்தவர்கள் எல்லாம் குனிந்து ஏழாவது நாடாவைத் தேடினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நஸீறா பத்து அடி முன்னால் நடந்தாள். அச்சிமுகம்மது ஏச்சுக்குக் காத்திருந்தார். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. வீட்டுக்கு வந்து முக்காட்டை உதறி வைத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அஞ்சு வருஷம். ஒரு சொல் சொல்லல்லயே எங்கிட்ட."

"நீ எல்லாரிட்டயும் அப்பிடிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா நான் எப்பிடிச் சொல்ற?"

அவள் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாள் என்றால் அழுகை, கோபம் என்றால் கோபம். அவருக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. அவள் கேட்டது அவர் எதிர்பாராத கேள்வி.

"அந்த ஏழாவது நாடாவ ஏன் கட்டையா வெச்சீங்க? துண்டு ஒண்ட ஒட்டுப் போட்டிருக்கலாமே. இவ்வளவு நல்லாத் தைக்கத் தெரிஞ்ச மனிசன்."

"நேரமில்ல."

"அப்பிடி என்ன அவசரம்?"

"வாப்பா தந்தி அடிச்சிருந்தார். பொண் பேசி முடிஞ்சி, ஒடனே வா எண்டு. அண்டைக்குத்தான் ரெயில். நாடாச் சீல முடிஞ்சி போச்சி. ஒரு துண்டுதான் கெடந்த. அத வெச்சித் தைச்சிப்போட்டு ஓடி வந்திற்றன்."

நஸீறா எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

நாலாம் நாள் மாஸ்டர் ஜெட்டையும் சட்டையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெனடிக் வந்து மூக்கில் ஒரு ஓட்டை குடைந்து கொடுத்துவிட்டுப் போனான். அச்சிமுகம்மது நாடாத் துண்டொன்றும் ஊசியும் எடுத்துக்கொண்டு, ஏழாவதையும் சரிப்படுத்திவிடலாம் என்று இருந்தார். நஸீறா வந்து சட்டையை அவர் கையில் இருந்து பறித்துக்கொண்டாள்.

"அதுல கை வெக்காதீங்க. அது அப்பிடியே கெடக்கட்டும்."

மறுநாள் காலையில் அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வேலியடியில் நஸீறாவின் குரல் கேட்டது. றாஹிலாவிடம் கதைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"இவர் சும்மா தையல்காரர் இல்ல காண்" என்றாள் நஸீறா. "ஜெட்டுக்கே சட்ட தைச்சவர்."